வழவழவென்று போன கடைசி லோடு

மாப்ளே,

இரண்டு நாளாக எங்கள் வீட்டில் ஒரு சட்டையை வைத்துப் பெரிய ரகளை நடக்கிறது. என்னுடைய வெள்ளைச் சட்டைதான். இரண்டு முறை சோப்பில் ஊறவைத்துத் துவைத்தாகிவிட்டது. மொட்டைமாடிக் கொடியில் நல்ல வெயிலில் காய்கிறது. இன்னும் பக்கத்தில் போனால் மீன் வாடை. ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், என் வீட்டு மாடியில் மீன் வாடை! நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சாயங்காலத்துக்குள் பாலக்கரை முழுக்கச் சொல்லியும் முடித்திருப்பாய்.

"ஏன்னா, இதைப் போட்டுண்டு எங்கே போனேள்?" என்று கேட்டாள் என் மனைவி.

"கடலுக்கு."

"கடலுக்குப் போனா உப்பு வாடைன்னா அடிக்கணும்? இது என்ன, யாராவது மீனைத் தூக்கி உங்க மேல போட்டாளா?"

கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு தரம் ஊறவைக்கட்டுமா என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, அந்த வாடையை மூக்கு நிறைய இழுத்தபடி, உனக்கு எழுத வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதை உடைத்துச் சொல்கிற தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது. பயப்படாதே, நல்ல செய்தியோடுதான் வருகிறேன்.

அந்த ஆர்டர் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். துவாக்குடிப் பக்கம் நம் யார்டில் கிணற்று உறை, சாக்கடை மூடி, வேலிக் கல் என்று வார்த்துக்கொண்டிருந்தோம். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்தே நாம் கூட்டாளிகள். பெயர்ப்பலகை மட்டும் பின்னால் வந்தது. நீ கொத்தனார் வீட்டுப் பிள்ளை, கரணை பிடித்த கை. நான் பேனாவும் சிடுசிடுப்பும். அன்றைக்கு மல்லிகா என்ற பெண் ஒரு வரைபடத்தோடு வந்தாள். கடல் உயிர்களை ஆராய்கிறவள். கிணற்று உறை மாதிரியே வட்டமாக, ஆனால் சுற்றிலும் பெரியதும் சிறியதுமாக ஓட்டைகள். இதைச் செய்ய முடியுமா என்று கேட்டாள்.

"ஓட்டையா போட்டா கிணத்துக்கு எப்படிங்க ஆகும்?" என்றாய் நீ.

"கிணத்துக்கு இல்லைங்க. கடலுக்கு. மீன் குடியிருக்க."

நீ என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாய் பார், அதை நான் இன்னும் மறக்கவில்லை. "சாமி, நீ மீனைக் கண்ணால பார்த்தாலே குளிக்கிற ஆளு. உனக்குப் போயி மீனுக்கு வீடு கட்டுற யோகம் பாரு!" என்றாய். நான் முறைத்தேன். "முறைக்காதடா. உங்க பெருமாளே முதல்ல மீனாத்தானே வந்தாரு? அவருக்கு ஒரு வீடுன்னு நெனச்சுக்க" என்றாய். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தாள்.

அவள் சொன்ன விஷயம் எளிமையானது. புதுக்கோட்டைக் கடற்கரையில் ஒரு ஊர். கரையோரக் கடலின் அடியை விசைப்படகுகளின் இழுவை மடி வலை வருஷக்கணக்காக வழித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது மீன் குஞ்சு ஒதுங்க இடமில்லை, முட்டை ஒட்ட ஒரு கல் இல்லை. நம் சிமெண்ட் கூடுகளைக் கொண்டுபோய் இறக்கினால் அதில் சிப்பியும் பாசியும் ஒட்டும். அதைத் தேடிச் சின்ன மீன் வரும், சின்னதைத் தேடிப் பெரியது வரும். இழுவை மடி அந்தப் பக்கம் வந்தால் சிக்கிக் கிழியும் என்பதால் அதுவும் எட்ட நிற்கும். அவ்வளவுதான்.

இதில் நான் சந்தேகப்பட்டேன், நீ சந்தேகப்படவில்லை. சிமெண்டுக்கு மீன் வருமா என்று நான் வாதாடிக்கொண்டிருந்தபோதே நீ பஸ் ஏறி அந்த ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அங்கேதான் பஞ்சவர்ணத்தைப் பார்த்தோம். தலைச்சுமையாக மீன் விற்கிறவள். நம் வயதுதான் இருக்கும். கூடையைக் கீழே இறக்கிக் காட்டினாள். எல்லாம் விரல் நீளம்.

"எங்க அப்பா காலத்துல இதையெல்லாம் கடல்லயே விட்டுட்டு வருவாங்கங்க. இப்ப இதுதான் மீனு" என்றாள். அவள் தம்பி காளிமுத்து நாட்டுப்படகு வைத்திருந்தான். ஊர்க்கூட்டத்தில் அந்தக் கரையோரப் பகுதியில் யாரும் வலை போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். பக்கத்தில் கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு எட்டப் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டீசல் செலவும் அலைச்சலும் அவர்களுடையது. நாம் இறக்கப்போவதை நம்பித்தான்.

"நிசமா மீனு வருமாங்க?" என்று அவள் உன்னைத்தான் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்திருக்கும்.

நீ நெஞ்சில் கை வைத்தாய். "வரும்மா. நான் கட்டுறது. வரலைன்னா வந்து என் சட்டையப் பிடிச்சுக் கேளுங்க" என்றாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னோடு சண்டை போட்டேன். சிமெண்டுக்கு வேண்டுமானால் நாம் பொறுப்பு, மீனுக்கு எப்படி நாம் பொறுப்பாக முடியும் என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அந்த வருஷத்திலிருந்து உன் ஞாயிற்றுக்கிழமைகளும் மாறிப்போயின. பாலக்கரையில் உன் வீட்டில் நீங்கள் எல்லாரும் மீன் குழம்பு சாப்பிடுவீர்கள், எனக்கு மட்டும் ஜெயா தனிப் பாத்திரத்தில் தயிர் சாதம் வைத்திருப்பாள். நாம் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள். உன் மனைவி எனக்குத் தங்கை மாதிரி. அந்த வருஷம் கடலில் மீன்பிடித் தடைக்காலம் வந்தபோது, நீ கடல் மீனே வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். "அதுங்க குடும்பம் நடத்துற நேரம்டா. நடுவுல போயி நின்னா நல்லாவா இருக்கும்?" என்றாய். இரண்டு மாதமும் என்னோடு சேர்ந்து தயிர் சாதம் சாப்பிட்டாய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மார்க்கெட்டில் விரல் நீள மீனைக் கூறு கட்டி வைத்திருந்த ஒருவரிடம், "ஏங்க, இது பால்குடி மறக்காத குழந்தைங்க, இதையா விக்கிறீங்க?" என்று சண்டைக்கே போய்விட்டாய். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

வேலை ஆரம்பித்தது. நம் ஆட்கள் அப்படி ஒரு சிரத்தையோடு வேலை பார்த்து நான் கண்டதில்லை. கடலுக்குப் போகிற பொருள் என்றதும் எல்லாருக்கும் ஒரு பெருமை. அச்சைக் கழற்றியதும் சிமெண்ட் பால் ஊற்றி, மணியாசுக் கட்டையால் தேய்த்து, ஸ்பாஞ்ச் வைத்து இழுத்து, கண்ணாடி மாதிரி ஆக்கினார்கள். ஓட்டைகளுக்குள் கை விட்டுக்கூட வழித்துவிட்டார்கள். மீனுக்குக் கீறக்கூடாதாம்! நீ ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாய். "எங்க அப்பா பூசின சுவத்துல ஈ உக்காந்தா வழுக்கி விழும். அந்த வேலைடா இது" என்பாய். யார்டு முழுக்க வரிசை வரிசையாக நின்றன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நானே போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மல்லிகா வந்து பார்த்தாள். முதல் உறையில் கையை வைத்தாள். இரண்டாவதில் வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கடைசி வரைக்கும் நடந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். "அதாங்க பிரச்சினை."

"என்னங்க சொல்றீங்க?"

"சிப்பிக் குஞ்சு கண்ணுக்கே தெரியாத சைஸ்ல தண்ணியில மிதந்து வரும். அது ஒட்டணும்னா சொரசொரன்னு இருக்கணும். குழி இருக்கணும். இதுல ஈயே வழுக்கும்போல இருக்கே. சொரசொரப்பா விடணும்னு பேப்பர்ல எழுதியிருந்தேனே, பார்க்கலையா?"

எழுதியிருந்தாள். அந்தக் காகிதத்தைப் படிக்க வேண்டியவன் நான். படிக்கவும் படித்தேன். சொரசொரப்பாக விட வேண்டும் என்ற வரியைப் பார்த்து, 'பாவம், நம் ஆட்களின் வேலை தெரியாமல் எழுதியிருக்கிறாள், குறைவாகச் செய்தாலும் பரவாயில்லை என்கிறாள்' என்று நினைத்துக்கொண்டேன். உலகத்தில் யாராவது மோசமான பூச்சு வேண்டும் என்று கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று நீ மதியம் சாப்பிடவில்லை. வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். பிறகு எழுந்து போய் ஒரு கொத்துளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, நீயே பூசிய உறை ஒன்றின் முன்னால் போய் நின்றாய். ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதல் அடி அடித்தாய். சில்லுத் தெறித்தது. "பெத்த புள்ளைய அடிக்கிற மாதிரி இருக்குடா" என்றாய் என்னிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிமெண்ட் தூசு என்று சொன்னாய். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஒரு உறையைச் சுற்றிலும் உள்ளும் புறமும் கொத்த ஒரு ஆளுக்கு முழுசாக ஒரு நாள் ஆயிற்று. ஆட்கள் முணுமுணுத்தார்கள். "நல்லா பண்ணின வேலையக் கெடுக்கச் சொல்றீங்களே, இதுக்கு எங்க கை வராதுங்க" என்று ஒருத்தர் உளியைக் கீழே வைத்துவிட்டார். நீ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கொத்திக் காட்டினாய். மூன்று வாரத்தில் லோடு லோடாகக் கிளம்பின. அங்கே துறைமுகத்தில் கிரேன் வைத்த பார்ஜ், அந்தத் தட்டையான சரக்குப் படகு, காத்திருந்தது. வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்குமுன் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். அப்புறம் கடல் புரள ஆரம்பித்துவிடும், பார்ஜ் போகாது.

கடைசி லோடுக்கு இன்னும் இருபத்துநாலு உறை பாக்கி இருந்தபோது உனக்கு டெங்கு வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு என் கையைப் பிடித்தாய். காய்ச்சலில் உன் கை கொதித்தது. "சாமி, ஒண்ணு விடாமக் கொத்திட்டுத்தான் அனுப்பணும். அந்தம்மாவுக்கு நான் வார்த்தை குடுத்திருக்கேன்" என்றாய். பஞ்சவர்ணத்தைத்தான் சொன்னாய். சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. காற்று மாறுகிறது, நாளைக்கே கடைசி நடை, லோடு வந்தால் இறக்குவோம், இல்லையென்றால் அடுத்த வருஷம்தான் என்றார்கள். யார்டில் மொத்தமே எட்டுப் பேர். அதில் நாலு பேர் காய்ச்சலில் வரவில்லை; மிச்சப் பேருக்கு முந்தைய லோடை ஏற்றி அனுப்பவே அந்த இரண்டு நாளும் சரியாகப் போயிருந்தது. இருபத்துநாலு உறையும் கண்ணாடி மாதிரி நின்றன. நான் அந்த வரிசையில் மேலும் கீழும் ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். பிறகு லாரிக்காரரிடம், "ஏத்துங்க" என்றேன்.

அப்படியே வழவழவென்று போயின. ஒன்றில்கூட ஓர் உளி படவில்லை. தென்கோடி வரிசையில் இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "கொத்தியாச்சா?" என்றாய், கண்ணைத் திறக்காமலே. "எல்லாம் கொத்தியாச்சு" என்றேன். "நீ இருக்கும்போது எனக்கென்னடா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாய். அன்றைக்கு அந்தப் பொய் நல்லதாகத்தான் தோன்றியது. தேறி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நீ தேறி வந்தாய். வந்ததும் முதல் வேலையாக அந்த ஊருக்குப் போய், ஊர்க்கூட்டத்தில் நின்று, "கடலுக்குள்ள இறங்கினதுல ஒண்ணுகூட வழவழப்பா இல்லைங்க. இருந்தா என் பேர மாத்திக்கிறேன்" என்று சொன்னாய். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? தீபாவளிக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பொங்கலுக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நீ டீக்கடை டீக்கடையாக அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல என் வாய் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டது. உறைகள் இறங்கி இரண்டாவது வருஷம், ஒரு புதன்கிழமை காலை, யார்டுக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டாய் என்று ஜெயா போன் செய்தாள். காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அந்த போனைப் பேசினேன். அழுகையோடு அழுகையாக எனக்குள் ஓடிய முதல் நினைப்பு என்ன தெரியுமா? 'சொல்லாமலே விட்டுவிட்டேனே.' அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

நாலு வருஷம் அந்தக் கடல் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை. மல்லிகா தண்ணீருக்கடியில் எடுத்த படங்களை அனுப்புவாள். வடக்கு வரிசை, நடு வரிசை. பார்த்துச் சந்தோஷப்படுவேன். தெற்கு வரிசை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! வெறும் சிமெண்டாக, ஒன்றும் ஒட்டாமல், இருபத்துநாலு வட்டங்கள் அங்கே நிற்பதாகவே என் மனதில் ஒரு படம். நீ கொடுத்த வார்த்தை அங்கே வழுக்கிக்கொண்டிருப்பதாக ஒரு எண்ணம்.

போன வாரம் பஞ்சவர்ணம் போன் செய்தாள். "ஐயா, இன்னும் கொஞ்சம் கூடு இறக்கப் போறோம். அவருதான் இல்ல, நீங்களாச்சும் வந்து பாருங்க. வராம இருக்காதீங்க" என்றாள். இனிமேலும் சாக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. போனேன்.

படகில் ஏறியதும் நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன். காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லியும் கடலுக்கே போயின. காளிமுத்து, "முதல் தடவை அப்படித்தாங்க இருக்கும், தூரத்துல கரையப் பாருங்க" என்று முதுகைத் தடவிவிட்டான். மல்லிகா ஒரு காமிராவைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மடியில் வைத்திருந்த திரையில் படம் தெரிந்தது. வடக்கு வரிசையைக் காட்டினாள். நடு வரிசையைக் காட்டினாள். கூடு எது, பாறை எது என்று தெரியவில்லை. அப்படி மூடியிருந்தது.

"தெற்கு வரிசைக்குப் போகலாமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

காமிரா இறங்கியது. பச்சையாகக் கலங்கல். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. நான் அந்த வழவழப்பைத் தேடினேன் மாப்ளே. நம் ஆள் ஸ்பாஞ்ச் வைத்து இழுத்த அந்த மினுக்கத்தைத் தேடினேன். ஒரு கையளவு இடம்கூட அகப்படவில்லை. மேலே கீழே எல்லாம் சிப்பி. அதன் மேல் மஞ்சளாகவும் சிவப்பாகவும் என்னென்னவோ. ஓட்டைக்கு ஓட்டை மீன் எட்டிப் பார்த்தது. ஒரு கூட்டின் உள்பக்கம் கறுப்புத் திராட்சைக் குலை மாதிரி ஏதோ தொங்கியது. என்ன அது என்று கேட்டேன்.

"கணவாய் மீனோட முட்டைங்க" என்றான் காளிமுத்து. "இந்த வரிசைன்னா அதுக்கு ரொம்ப இஷ்டம்."

அங்கேயே, படகிலேயே, நான் சொல்லிவிட்டேன். இந்த இருபத்துநாலும் கொத்தாமல் அனுப்பியவை, அனுப்பியது நான், அவனுக்குத் தெரியாது என்றேன். மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதானா?" என்றாள். "முதல் வருஷம் பார்த்தப்ப இந்த வரிசை மட்டும் பின்தங்கி இருந்துச்சுங்க. நீரோட்டமா, சேறான்னு நான் மண்டையப் பிச்சுக்கிட்டேன். வழவழப்பா இருந்தா லேட் ஆகும். ஆனா கடல் தண்ணி சிமெண்டை சும்மா விடாதுங்க, அரிச்சு அரிச்சு அதுவே சொரசொரப்பாக்கிடும். ஒருத்தர் ஒட்டிட்டா அப்புறம் அவர் மேல அடுத்தவர் ஒட்டுவாரு. சொல்லியிருந்தா நான் அவ்ளோ அலைஞ்சிருக்க மாட்டேன்." கோபம்தான். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"மீனுக்கு உங்க பூச்சு வேலையெல்லாம் தெரியாதுங்க" என்றான் காளிமுத்து. "நிழல் இருக்கா, ஓட்டை இருக்கா, இழுவை மடி வராதா, அவ்ளோதான் அது பார்க்கும்."

ஆறு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அந்த ஒரு நிமிஷத்தில் இறங்கிப் போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, மறுபடி குமட்டலும் வந்தது. மூன்றையும் ஒருத்தன் ஒரே நேரத்தில் தாங்க முடியாது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வலை போடக்கூடாத இடத்தைத் தாண்டி வந்தபிறகு காளிமுத்து ஒரு தூண்டிலை விட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு களவா மீன் மேலே வந்தது. புள்ளி புள்ளியாக, பெரிய வாயோடு. அவன் அதைத் தன் கையில் வைத்து முழம் போட்டுப் பார்த்தான். "நல்ல மீனுதான். ஆனா இன்னும் வளரணும். இது இனிமேதான் முட்டை போடும்" என்றான். நான் சரி என்று தலையாட்டினேன். அவன் அதை என் கையில் கொடுத்துவிட்டான்! "ஐயா கையால விடுங்க."

பிறந்ததிலிருந்து மீனைத் தொடாதவன் நான். அது துள்ளியது. நழுவவிடாமல் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அது தன் வாலால் என் கன்னத்தில் ஒன்று வைத்தது. மல்லிகா போட்டோ எடுக்கக் காமிராவைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து தண்ணீரில் விட்டேன். ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு கீழே போயிற்று, தெற்குப் பக்கமாக. அது எங்கே போனாலும் தெற்குப் பக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதை விடு.

கரையில் பஞ்சவர்ணம் கூடையோடு நின்றாள். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எட்டத்தில் விசைப்படகுகள் இன்னும் வழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவள் அப்பா காலத்து மீன் இன்னும் வரவில்லை. ஆனால் கூடையில் இருந்த மீன் விரல் நீளத்தைத் தாண்டி என் கை நீளத்துக்கு வந்திருந்தது. தடைக்காலம் முடிந்து படகு இறங்கும்போது இப்போதெல்லாம் ஊரில் ஆட்கள் பயப்படுவதில்லை என்றாள். "அவரு சட்டையப் பிடிக்கச் சொன்னாரு. பிடிக்க வேண்டிய வேலையே வைக்கல" என்றாள்.

திருச்சி வந்ததும் ஸ்ரீரங்கத்துக்குப் போகாமல் நேராகப் பாலக்கரைக்குத்தான் போனேன். ஜெயா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தாள். "என்னண்ணே, நம்ம வீட்டு வாசம் உங்க மேல அடிக்குது?" என்றாள். உள்ளே போய் உட்கார்ந்தேன். முதலில் நல்லதைச் சொன்னேன். பிறகு பொய்யைச் சொன்னேன். டெங்குவில் நீ கிடந்தபோது உன் கையைப் பிடித்துக்கொண்டே சொன்ன பொய் என்று சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். உண்மையில் திட்டினால் தேவலை என்றுதான் இருந்தது.

"அவருகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்ண்ணே" என்றாள். "ரெண்டு நாள் உங்களைக் கிழி கிழின்னு கிழிச்சிருப்பாரு. யார்டுல நின்னு கத்தியிருப்பாரு. உங்க வீட்டுக்கே வந்து கத்தியிருப்பாரு. மூணாவது நாள், 'சாமி சாப்பிட வரலையா'ன்னு என்னைக் கேட்டிருப்பாரு. அவ்ளோதானே?"

அவ்வளவுதான் மாப்ளே. அது எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று. மீன் வந்துவிட்டது, உன் வார்த்தை நின்றுவிட்டது, அந்தப் பாரம் இறங்கிவிட்டது. இனிமேல் நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் நீ என்னைத் திட்டியிருக்க வேண்டிய அந்த இரண்டு நாள் மட்டும் எனக்குக் கிடைக்காமல் போய்விட்டது. யார்டில் தனியாக நிற்கும்போது அதை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்,
சாமி